சொத்தை ஐஸின் மேல் ஒரு மான்

1

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் கரையில் மஞ்சள் பலகையை நட்டுவிட்டார்கள். பனிக்கட்டி மெலிந்துவிட்டது, யாரும் இறங்க வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கே வின்னிபெக்கில் குளிர்காலம் முழுக்க ஆறு ஒரு தெருவாகிவிடும். ஆட்கள் அதன் மேல் நடந்தே வேலைக்குப் போவார்கள். பிள்ளைகள் சறுக்குவார்கள், நாய்கள் ஓடும். மார்ச் கடைசியில் ஐஸ் அடியிலிருந்து கரையத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் நேற்று இருந்தது போலவேதான் தெரியும். அதனால்தான் பலகை.

நேற்று மாலை என் மகள் அனு அந்தப் பலகை முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது.

"மாமாக்கு போட்டோ எடுத்து அனுப்பட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது பனியைத்தான். "உனக்கென்னம்மா, ஊரே ஏசி" என்பார்கள். நான் அனுப்புகிற படங்களிலும் பனி அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஐஸிலேயே மோசமானது வெளியில் இல்லை. என் வீட்டுக் கூடத்தில், அனுவின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. போன வருஷம் பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சேகர் அதன் மேல் இறங்கி நடந்தான். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2

சேகர் என்னைவிட ஏழு வயது இளையவன். நாங்கள் இருவரும் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எனக்குக் கல்யாணமாகி, நானும் என் கணவர் பாலுவும் மூன்று வயது அனுவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். பாலு லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் எல்லை தாண்டி அமெரிக்கா போய்த் திரும்பப் பல நாள் ஆகும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது போன்ற வேலைகள் செய்கிறேன். சேகர் அதே வீட்டில், அதே இரண்டாம் மாடியில் தங்கிவிட்டான். சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். அவன் மனைவி தேவி தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்று சொல்வது சரிதான். காலையிலிருந்து கடை மூடும்வரை உட்கார விடமாட்டார்கள்.

ஒரு மழை நாளில் லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒரு தண்ணி லாரி சேகரின் வண்டியை இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே பல துண்டாகிவிட்டது. தோலுக்கு வெளியே கம்பி வளையம் மாட்டி, உள்ளே ஆணி அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நூறு இடம் சுற்றுகிறவன் கட்டிலில் கிடந்தான். தேவி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அவள் கிளம்பும்போது வெளியே பூட்டி, இன்னொரு சாவியை எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். மதியம் ஸ்டெல்லா அக்கா வந்து சோறு போடுவாள். மீதி நேரம் எல்லாம் மின்விசிறியும் அவனும்தான்.

அனுவுக்கும் அப்போது நேரம் சரியில்லை. கூட இருந்த பெண்கள் அவளை விட்டு விலகிவிட்டார்கள். காரணம் எனக்கு இன்றுவரை தெரியாது. பள்ளியிலிருந்து வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதிலாக வரும். என் ஆங்கிலத்தில் கேட்டால் அதுவும் வராது.

ஒரு நாள் அவளாகவே வந்து, "மாமாகிட்ட கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டாள். ஊருக்குப் போகிற ஒருவரிடம் அவளுடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினோம். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. மனிதரே இல்லாத ஒரு பனிக்காடு. அதில் இரண்டே பேர். குளிரும், பசிக்கும், ஓநாய் வரும். சுள்ளி பொறுக்க வேண்டும், வேட்டையாட வேண்டும். ஒரே ஒரு உயிர்தான். செத்தால் மாதக்கணக்கில் சேர்த்த எல்லாமே அழிந்துபோகும்.

அவள் காலையில் எழுந்தால் அவனுக்கு மாலை. சனி, ஞாயிறு காலைகளில் எங்கள் கூடத்தில் கோட்டூர்புரம் கேட்கத் தொடங்கியது.

"இன்னா பாப்பா, துன்னியா?"

"இன்னும் இல்ல மாமா. நீ?"

"தேவி வந்தாத்தான். சரி வா, காட்டாண்ட போலாம். அந்தாண்ட முயல் கீது."

அனுவுக்குத் தமிழ் வந்தது இப்படித்தான். நாங்கள் சனிக்கிழமை மதியங்களில் அனுப்பும் தமிழ் வகுப்பில் வரவில்லை. அந்த வகுப்பை நடத்தும் டீச்சர் மயிலாப்பூர் மாடவீதியில் பிறந்தவர். ஒரு நாள் என்னைத் தனியே அழைத்தார்.

"அனு இன்னிக்கு என்னைப் பாத்து ‘இன்னா பண்ணிக்கினு கீறீங்க டீச்சர்’னு கேக்கறா. உங்காத்துல யாரும்மா இப்படிப் பேசறா?"

"எங்க வீட்ல எல்லாருமே டீச்சர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

3

அந்த விளையாட்டில் மான் வேட்டை எப்படி என்று அனு எனக்கு விளக்கியிருக்கிறாள். ஏரி உறைந்து கிடக்கும். ஒருவர் காட்டுப் பக்கமிருந்து மானை விரட்டினால் அது வெட்டவெளியான ஏரிக்கு ஓடிவரும். இன்னொருவர் அங்கே வில்லோடு காத்திருக்க வேண்டும். நடு ஏரியில் ஐஸ் கெட்டி. ஓடை வந்து கலக்கிற இடத்தில் மட்டும் மெலிந்திருக்கும். நிறம் கொஞ்சம் கறுத்திருக்கும். அதில் கால் வைத்தால் முறுமுறு என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்ததும் பின்வாங்கிவிட வேண்டும். இன்னும் ஓர் அடி வைத்தால் உள்ளே.

மானுக்கு எடை குறைவு. அது அந்த இடத்திலும் ஓடும். அவசரப்பட்டு அங்கே வைத்து அம்பு விட்டால் மான் அங்கேயே விழும். இறைச்சி கண்ணெதிரே கிடக்கும், போய் எடுக்க முடியாது. பசியில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், கையில் இருக்கிற எல்லாச் சாமானையும் கரையில் போட்டுவிட்டு வெறும் ஆளாகப் போக வேண்டும்.

சேகர் அந்த ஐஸுக்குப் பெயரே வைத்துவிட்டான். "அது சொத்த ஐஸு பாப்பா. மேல பளபளன்னு கீது, உள்ள ஒண்ணியும் இல்ல."

அவன் அவசரக்காரன். சொத்தை ஐஸிலேயே அம்பு விடுவான். அனு திட்டுவாள். "அறிவு கீதா மாமா உனக்கு?" அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கம்பி குத்துகிறது, சிரிக்க வைக்காதே என்று சொல்லிக்கொண்டே சிரிப்பான்.

4

கார்த்திகை வாக்கில் காலில் சீழ் வைத்தது. மருந்து மாற்றினார்கள், கம்பியைக் கழற்றி வேறு மாட்டினார்கள், கிழித்துக் கழுவினார்கள். ஒன்றும் நிற்கவில்லை. மார்கழியில் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலை எடுத்துவிடலாம், இல்லையென்றால் சீழ் ரத்தத்தில் ஏறிவிடும் என்று சொன்னார். சேகர் வேண்டாம் என்றான். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

"டேய், உயிரு முக்கியமா காலு முக்கியமா?" என்று போனில் கத்தினேன்.

"ஒத்தக் காலோட இந்த ரெண்டு மாடிய எப்டிக்கா எறங்குவேன்? தேவி ஆயுசுக்கும் என்னத் தூக்கிகினு திரியணுமா?"

"நான் வரேன். வந்து பேசுறேன்."

"வா" என்றான். அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

என் இந்திய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க அனுப்பியது திரும்பி வந்தது. எங்கள் வழக்கப்படி எனக்கு ஒரே பெயர்தான், கற்பகம். முன்னால் அப்பாவின் எழுத்து. பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருக்கிறது, இங்கே கொடுத்த குடியிருப்பு அட்டையில் பாலுவின் பெயர் பின்னால் இருக்கிறது. விண்ணப்ப மையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் வேலை அது. நான் இரண்டையும் தொட்டுக் காட்டினேன். பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னான். அதை வாங்கிக்கொண்டு போனபோது புகைப்படத்தில் காது மறைந்திருக்கிறது என்றார்கள்.

பாலுவைப் போகச் சொன்னேன். "மச்சான் வந்து இன்னா பண்ணப் போறாரு? அக்காதான் வரேன்னிச்சு" என்றான் சேகர்.

அந்த நாட்களில் என் வாயில் ஆங்கிலமும் நிற்கவில்லை. விடுப்பு கேட்கப் போய், தம்பியின் காலை எடுக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு என்ன சொல்வது என்று தடுமாறி, ‘டேக் ஆஃப்’ என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மாள் முகம் மலர்ந்து, உன் தம்பி விமானத்தில் எங்கே கிளம்புகிறான் என்று கேட்டாள். நான் கையால் என் முழங்காலுக்குக் கீழே வெட்டிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சாமான் அறைக்குள் போய், துவைத்து அடுக்கிய போர்வைகளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

5

அந்த ஞாயிறு காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பாலு ஊரில் இல்லை. அனு கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். சென்னையில் விளக்கு வைத்துவிட்ட நேரம். பொங்கல் வியாபாரம் என்பதால் தேவிக்கு ஞாயிறும் கடை.

சேகரின் குரல் வழக்கத்துக்கு மாறாக நிதானமாக இருந்தது. அதுவே எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் பட்டது. வலி குறைந்திருக்கிறது போல என்று நினைத்தேன். ஏதோ ஒரு மான் சொத்தை ஐஸில் விழுந்து கிடந்தது என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அம்பு விட்டவன் அவன்தான்.

"உடு மாமா. வேற மான் பாக்கலாம்."

"நீ துன்னு ரெண்டு நாளாச்சு இதுல. நான் போய் எத்துகினு வரேன். இந்தா, இதெல்லாம் நீ வெச்சிக்கோ. தீப்பெட்டி, வில்லு, தூங்குற பை."

"கீழ போடு. திரும்பி வந்து எடுத்துக்கோ."

"இல்ல பாப்பா. உன் பையில போட்டுக்கோ. எல்லாம் உனக்குத்தான்."

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

"நீ ஷோக்கா விளையாடுற பாப்பா. ஒண்டியாவே சமாளிச்சிப்ப. நல்லா படி. அப்பால, அம்மா கைல சொல்லு. அது வர முடியலன்னு எனக்குக் கோவம் இல்ல. மெய்யாலுமே இல்ல."

கையில் தோசைத் திருப்பியோடு கூடத்துக்கு வந்தேன். அனு திரையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் பேச வாயைத் திறந்தேன். அவள் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்து, இன்னொரு கையால் போனைக் காட்டினாள்.

அடுப்படிக்கு ஓடி ஸ்டெல்லா அக்காவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. தேவியின் போன் அணைந்திருந்தது. வேலை நேரத்தில் பெண்களின் போன்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். கடையின் எண்ணைத் தேடி அழைத்தேன். பாட்டு ஓடியது, விளம்பரம் ஓடியது, பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் மேடம், பொங்கல் வாழ்த்துகள். எந்த செக்ஷன் வேணும்?"

"சேலை செக்ஷன்ல தேவின்னு வேலை செய்றாங்க. அவசரம். வீட்ல ஒரு ஆபத்து."

"பட்டா, காட்டனா மேடம்?"

"தெரியலம்மா. தேவி. கோட்டூர்புரம்."

"இங்க நிறைய தேவி இருக்காங்க மேடம். ஸ்டாஃப் நம்பர் இருந்தா மைக்ல சொல்லலாம். இல்லன்னா சூப்பர்வைசர்தான்."

"கெஞ்சிக் கேக்குறேன்மா. நான் கனடாவுல இருந்து பேசுறேன்."

"ஆன்லைன் ஆர்டருக்கு வேற நம்பர் மேடம்" என்றாள். பிறகு என் அழுகை கேட்டிருக்க வேண்டும். "இருங்க மேடம், நானே மேல போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுபடி பாட்டு ஓடியது. போனோடு கூடத்துக்கு வந்தேன்.

கூடத்தில் சேகர் ஐஸின் மேல் இறங்கியிருந்தான். முறுமுறு என்ற அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"மாமா, நில்லு."

"ஒண்ணியும் ஆவாது பாப்பா. நீ கரையிலேயே குந்து."

"நானும் வரேன்."

"வராத."

"வந்துகினு கீறேன். பாரு. உன் பின்னாடிதான் கீறேன்."

"ஏய், உன்னாண்டதான் எல்லா வெயிட்டும் கீது! தாங்காது!"

"தெரியும். நீ ஒரு அடி வெச்சா நானும் வெப்பேன்."

"பாப்பா, பின்னால போ!" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "எத்தினி மாசமா வெச்சினு கீற உசுரு அது. சொன்னா கேளு!"

"நீ திரும்பு. நான் திரும்புறேன்."

"திரும்பிப் போடி!"

அப்போது ஐஸ் உடைந்தது. அனு பக்கத் திரை கறுநீலமானது. அவன் கொடுத்த சாமான் எல்லாவற்றோடும் அவள்தான் உள்ளே போயிருந்தாள். அனு மௌஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விளையாட்டில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் இன்னொருவர் குப்புறப் படுத்து, ஊர்ந்து வந்து கையைப் பிடித்து இழுக்கலாம். கொஞ்ச நேரத்துக்குள் இழுக்காவிட்டால் முடிந்தது.

"பாப்பா! பாப்பா, கைய நீட்டு! அந்த பட்டன அமுக்கு! பாப்பா!"

அனு அமுக்கவில்லை. "எனக்கு பயமாக் கீது மாமா" என்றாள். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குரலில் அது தெரியவில்லை.

"தோ வந்துட்டேன். மாமா கீறேன். அமுக்குடா தங்கம்."

அவள் அமுக்கினாள். அவன் இழுத்தான். திரையில் வெள்ளை வந்தது. நனைந்து உறைந்துகொண்டிருந்த அவளை ஏரியின் குறுக்கே கரை வரைக்கும் இழுத்துப்போய்த் தீ மூட்ட வேண்டும். தீப்பெட்டி நனைந்திருந்தது. சேகர் சுள்ளிக்கும், உரசித் தீ மூட்டக் கல்லுக்கும் ஓடினான். மூச்சு வாங்க, அவளைத் திட்டிக்கொண்டே, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே ஓடினான்.

கடைப் பாட்டுக்கு நடுவே என் கையில் போன் அதிர்ந்தது. ஸ்டெல்லா அக்கா.

"இன்னாம்மா கற்பகம், இத்தினி வாட்டி அடிச்சிகினு கீற? சர்ச்சுல பூசைல இருந்தேன், இப்பத்தான் வெளிய வரேன்."

"அக்கா, சேகர் வீட்டுக்குப் போ. ஓடு. அவன் என்னமோ பண்ணிக்கப் போறான்."

அவள் ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. மூச்சிரைக்க அவள் ஓடுகிற சத்தமும் அவள் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டது. யாரோ ஒரு ஆட்டோக்காரரை அதட்டினாள். பிறகு படிக்கட்டு. "மாதாவே, மாதாவே" என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள். அவளுக்கு முட்டி வலி உண்டு. பூட்டில் சாவி திரும்பியது. அதன் பிறகு அவள் குரல் என் காதில் போனிலும், கூடத்து ஸ்பீக்கரிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது.

"சேகரு! இன்னாடா அது பக்கத்துல? குடு. குடுன்றேன்ல!"

கட்டிலில் அவன் பக்கத்தில் இருந்ததை அவள் பிடுங்கிக்கொண்டாள். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. பிறகு என் தம்பி அழுகிற சத்தம் கேட்டது. குழந்தையில்கூட அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. ஸ்டெல்லா அக்கா, "அழு, அழு, நான் இங்கதான் குந்தினு கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் தோசை கரியாகி, புகை எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. அனு எழுந்து நாற்காலி போட்டு ஏறி அதை நிறுத்தினாள். இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, உண்மையிலேயே ஏரியில் விழுந்தவளைப் போல.

ஜவுளிக்கடைப் பெண் தேவியைக் கண்டுபிடித்திருந்தாள். சீருடைச் சேலையோடு தேவி வீடு வந்து சேர்ந்தாள்.

6

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மனநல டாக்டர் ஒருவர் அவனோடு பல நாள் உட்கார்ந்து பேசினார். காலை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். மனம் மாறிப் போடவில்லை. "எல்லாரும் சேந்து சொல்றீங்க, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அறுவை நடந்த நேரம் நான் ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தள்ளித் தள்ளிவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டியிருக்கிறேன்.

என்னோடு அவன் பேசவில்லை. தேவி வீடியோவில் காட்டுவாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். ஒரே ஒரு முறை பேசினான்.

"எதுக்குக்கா ஆள அனுப்புன?"

"நீ வேணும்னுதான்டா."

"நீ அங்க கீற. கூட குந்தினு கீறது யாரு?"

அவன் வைத்துவிட்டான்.

அனு விளையாடுவதை நிறுத்திவிட்டாள். "மாமா வந்தா ஆடுறேன்" என்றாள். மாமா வரவில்லை. சாப்பிடும்போது திடீரென்று, "நான் விழுந்தேன்ல, அது பொய் இல்லம்மா. ஐஸ் உடையும்னு தெரியும். ஆனா மாமா இழுக்காம இருந்தா என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். பதினைந்து வயதில் அவள் தூக்கியது எவ்வளவு எடை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளியில் ஒரு ஆலோசகரிடம் சொன்னேன். வாரம் ஒரு முறை அவள் அங்கே போய்ப் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்பதில்லை.

பாஸ்போர்ட் மாசி கடைசியில் வந்தது. பெயர் ஒரு வழியாக ஒன்றாகியிருந்தது.

7

பள்ளி விடுமுறை விட்டதும் நானும் அனுவும் சென்னைக்குப் போனோம். ஆடி மாதக் காற்று. பாலத்தில் ஆட்டோ ஏறியதும் அடையாற்று நாற்றம் வந்தது. அனு மூக்கைப் பொத்தவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தேவி ஒரு நாள் லீவு எடுத்து வீட்டில் இருந்தாள். மெலிந்திருந்தாள். ஸ்டெல்லா அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

சேகர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். செயற்கைக் கால் சுவரோரமாக நின்றது. மாட்டினால் புண்ணாகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டானாம். இடுப்புக்குக் கீழே ஒரு போர்வை. ஒரு பக்கம் அது பாதம் வரை மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. என்னைப் பார்த்து, "வாக்கா" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

அனுவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ காலைகள் ஒரே காட்டில் அலைந்தவர்கள். நேரில் பார்ப்பது அவள் மூன்று வயதுக் குழந்தையாக இருந்ததற்குப் பிறகு இப்போதுதான். தேவி காபி கொடுத்தாள். அனு குடித்தாள். சேகர் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வளந்துட்ட பாப்பா" என்றான்.

"ம்."

அவள், "வலிக்குதா மாமா?" என்று கேட்டாள்.

"வெட்டுன எடம் வலிக்கல. இல்லாத காலுதான் வலிக்குது. கட்டவெரலு. யாரோ கிடுக்கி போட்டு நசுக்கறாப்ல. டாக்டருக்குத் தெரிது, மாத்திரை குடுக்கறாரு. மத்தவங்களாண்ட சொன்னா, இல்லாத காலு எப்டிடா வலிக்கும்ன்றாங்கோ."

அனு டம்ளரைத் தரையில் வைத்தாள். எழுந்து கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். போர்வை தட்டையாக இருந்த இடத்தில், மெத்தையின் மேல் கையை வைத்தாள்.

"இங்கயா?"

அவன் அவள் கையையே பார்த்தான். தேவி வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கீய."

கையை நகர்த்தினாள்.

"இங்க?"

"ஆங். அங்கதான்."

அனு அந்த இடத்தைப் பிடித்துவிடத் தொடங்கினாள். அவள் விரல்களுக்கு அடியில் வெறும் போர்வை கசங்கியது. சேகர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"மெதுவா, பாப்பா" என்றான்.